ஐந்து நாள் அவகாசம்

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மூங்கில் கூடைக்குள் பழைய வேட்டியை மடித்து விரித்து, அதன்மேல் படுக்கவைத்து, பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுவரப்பட்ட அந்தச் சிப்பிப்பாறைக் குட்டிக்கு அப்போது ஒன்பது வார வயது. என் தங்கையின் மகள் வருஷக் கணக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் தன் பன்னிரண்டாவது பிறந்த நாளுக்கென்று பெற்ற ஜீவன் அது. மணி என்று பெயர் வைத்தாள். உடம்புக்கு ஒவ்வாத நெடிய கால்களும், வெயில் பட்டால் உள்ளே நரம்போடுவது தெரியும் மெல்லிய காதுகளுமாக அது வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு ஒன்றாவது வைத்த இடத்தில் இருந்ததில்லை.

ஆறாவது நாள் காலையில் அந்தக் குழந்தை என்னிடம் வந்து, "மாமா, மணி இன்னிக்கு யார் செருப்பையும் தொடவே இல்லை" என்றாள். குரலில் பயம் இருந்தது. போய்ப் பார்த்தேன். குளியலறை வாசலின் ஈரத் தரையில், முன்கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, முதுகைக் கூனாக்கிப் படுத்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தபோது வாலின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்தது. கஞ்சி வைத்தோம், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் வெண்ணுரையாக வாந்தி எடுத்தது. பொழுது சாயும் வேளையில் பேதி கண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் அந்தப் பேதியில் ரத்தம் கலந்துவிட்டது. அதன் வாடையை ஒருமுறை அறிந்தவர்கள் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டார்கள். துருவேறிய இரும்பும் அழுகிய மாமிசமும் சேர்ந்தாற்போன்ற ஒரு நெடி அது.

அடுத்த வீட்டுப் பெரியம்மா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "குட்டின்னா வயிறு கெடத்தான் செய்யும். ரெண்டு நாள் காயப்போட்டா தன்னால சரியாப் போகும்." காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் தங்கையின் அபிப்பிராயமும். அன்று இரவே நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதற்குக் காரணம் அந்தக் குழந்தை அழுத அழுகைதான். ஆயினும், குட்டி நாய் வளர்க்கும் எந்த வீட்டாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது அந்த இரவைப் பற்றித்தான்: பெரிய நாய் ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், இரண்டு மூன்று மாதக் குட்டி விளையாட மறுத்து, உண்ண மறுத்து, கூடவே வாந்தியும் எடுக்குமானால், பொறுத்திருந்து பார்ப்பதற்கு அதன் சரீரத்தில் இருப்பு ஏதும் கிடையாது. மணிக்கு வந்திருந்த வியாதியில் மாளும் குட்டிகளிற் பெரும்பாலானவை நோய்க்குறி தெரிந்த மூன்று நாளைக்குள்ளேயே மாண்டுபோகின்றன. "ரெண்டு நாள்" காயப்போடுவது என்றால் அந்த மூன்றில் இரண்டைத் தானமாகக் கொடுப்பது என்று பொருள்.

கால்நடை மருத்துவர் பஞ்சு சுற்றிய குச்சியால் மலத்தில் சிறிது தொட்டு, சின்னப் புட்டியிலிருந்த திரவத்தில் கலக்கி, கர்ப்பம் சோதிக்கும் பட்டையைப் போன்ற ஒரு பட்டையில் சில சொட்டுக்கள் விட்டார். நாங்கள் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு கோடு தோன்றியது. பத்து நிமிஷத்துக்குள் அதன் பக்கத்தில் இன்னொன்று, முதலில் சந்தேகம்போல மங்கலாகவும், பிறகு தெளிவாகவும் எழுந்தது.

"பார்வோ" என்றார் அவர். பிறகு, எங்களைப் பார்த்துச் சொல்லாமல், மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையைப் பார்த்துச் சொன்னார்: "இதைக் கொல்றதுக்கு என்கிட்ட மருந்து இல்லைம்மா. ஆனா அஞ்சு நாள் இவனை உயிரோட தாங்கிப் பிடிச்சுட்டோம்னா, அதுக்கு மேலே இவன் உடம்பே அதைப் பார்த்துக்கும். அந்த அஞ்சு நாள் அவகாசத்தை உண்டாக்கிக் குடுக்கிறதுதான் நம்ம வேலை."

அந்த வார்த்தையின் முழு அர்த்தமும் அப்போது எனக்கு விளங்கவில்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தபோதுதான், பார்வோ வைரஸ் நோய்க்கு இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது தெரிந்தது.

ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் அளவே உள்ள இந்த வைரஸ், வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களை மட்டுமே தேடிப் பிடிக்கும் சுபாவம் உடையது. தான் பெருகுவதற்கு வேண்டிய சாதனங்கள் அங்கேதான் அதற்குக் கிடைக்கின்றன. வளரும் குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று எலும்பு மஜ்ஜை, மற்றொன்று குடல். குடலின் உட்புறம் வெல்வெட்டுத் துணியைப் போன்றது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு விரல்கள் லட்சக்கணக்கில் அடர்ந்து நின்று, உண்ட ஆகாரத்தின் சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சுகின்றன. அந்த விரல்களைப் போர்த்தியுள்ள மெல்லிய தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்துபோக, அடிவாரத்துக் குழிகளிலிருந்து புதுத் தோல் முளைத்து மேலேறி வருவது இயற்கையின் ஏற்பாடு. பார்வோ வைரஸ் அந்தக் குழிகளை அழிக்கிறது. நாற்றங்காலே அழிந்தபின் வயலில் நடுவதற்குப் பயிர் ஏது? பழைய தோல் உதிர்ந்து, புதுத் தோல் வராமல், குடல் பச்சைப் புண்ணாகிவிடுகிறது. உள்ளே போன நீர் நிற்காமல் வெளியேறுகிறது. கூடவே ரத்தமும் போகிறது. இயல்பாகக் குடலில் குடியிருந்து யாருக்கும் தீங்கு செய்யாத கிருமிகள், வேலி இல்லாத அந்தப் புண் வழியே ரத்தத்துக்குள் புகுகின்றன. அவற்றை எதிர்த்து நிற்கவேண்டிய வெள்ளை அணுக்களோ, மஜ்ஜையும் தாக்கப்பட்டபடியால், அந்த நேரத்திலேதான் குறைந்துபோகின்றன. மணிக்கு மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஆறாயிரத்துக்குமேல் இருந்திருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 1,800தான் இருந்தன.

ஆக, குட்டியைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் நேரடியாக அன்று. நீர் வற்றிப்போவதும், ரத்தத்தில் சர்க்கரையும் பொட்டாசியமும் இறங்கிப்போவதும், கிருமிகள் ரத்தத்தில் பரவுவதுமே கொல்கின்றன. இவை ஒவ்வொன்றும் மனிதப் பிரயாசையால் தடுத்து நிறுத்தக் கூடியவை. அப்படி நிறுத்தி வைத்திருக்கும் நாட்களில் குட்டியின் சரீரம் தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொண்டு வைரஸை ஒழித்துவிடுகிறது. நாற்றங்கால் மறுபடி தழைக்கிறது. ஒரு சிகிச்சையும் இல்லாமல் விட்டால் நூற்றுக்குப் பத்துக் குட்டிகள் பிழைப்பதே அரிது. காலத்தில் கொண்டுவந்து ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் எண்பது, தொண்ணூறு பிழைக்கின்றன. ஒரு வியாதியில் மருந்தின் மகிமையைவிட நேரத்தின் மகிமை இவ்வளவு பெரிதாக இருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இத்தனை கொடிய நோய்க்கு வயது மிகவும் குறைவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1970-களுக்கு முந்திய கால்நடை வைத்திய நூல்களில் நாய்களுக்கு இப்படியொரு வியாதி வந்ததாகக் குறிப்பே இராது. பூனைகளுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு வைரஸோ, அதன் நெருங்கிய பங்காளியாகிய ஒன்றோ, சில சிறு மாறுதல்களை அடைந்து நாயின் உயிரணுக்களுக்குள் புகும் வித்தையைக் கற்றுக்கொண்டது. 1978-இல் அது புதிய நோயாக அடையாளம் காணப்பட்டது. இரண்டே வருஷங்களுக்குள் உலகத்தின் எல்லாக் கண்டங்களுக்கும், மனிதர்களின் செருப்பிலும் துணியிலும் பெட்டியிலும் ஒட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த நாய்க்கும் அப்போது எதிர்ப்புச் சக்தி இல்லாதபடியால் குட்டியும் கிழடும் ஒருசேர மடிந்தன. செய்வதறியாத வைத்தியர்கள், பூனைகளுக்கென்று இருந்த தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் கார்மைக்கேல், மேக்ஸ் அப்பெல் ஆகியோர் முனைந்து உழைத்து நாய்களுக்கான தடுப்பூசியை உருவாக்கினார்கள். நம் நாட்டிலும் தாமதமில்லாமலே நோய் வந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதலானார்கள். இன்று வளர்ந்த நாய்களுக்கு ஊசியாலோ முன்பே நோய் கண்டு தேறியதாலோ பாதுகாப்பு இருக்கிறது. ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளே இதற்குப் பலியாகின்றன. மனிதருக்கு இந்த நோய் ஒட்டாது. மனிதருக்கு வரும் பார்வோ வைரஸ் வேறு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

மணியின் முன்காலில் ரோமத்தை மழித்து நரம்பு தேடியபோதுதான், நீர் வற்றிய உடம்பு எப்படியிருக்கும் என்பதை நேரில் கண்டேன். தோலைக் கிள்ளி விட்டால் சுருக்கம் அப்படியே நின்றது. நரம்பு நூலிழையாகிவிட்டது. இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறை குழாய் உள்ளே ஏறியதும், மருத்துவர் அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது எங்களுக்குக் கேட்டது. உடல் சூட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ரிங்கர் லாக்டேட் டிரிப். அதில் அளந்து சேர்த்த குளுக்கோஸும் பொட்டாசியமும். வாந்தியை நிறுத்த ஓர் ஊசி. குடலிலிருந்து புகும் கிருமிகளுக்கென்று ஆன்டிபயாடிக். வைரஸுக்கென்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2023-இல், வைரஸையே நேரடியாகப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ஊசி ஒன்றுக்கு நிபந்தனையுடன் அனுமதி தரப்பட்டது. அது நம் ஊர்களுக்கெல்லாம் எளிதில் கிடைக்கும் காலம் வரும்வரை, சொட்டுச் சொட்டாக இறங்கும் உப்புநீரே நமக்குச் சஞ்சீவி.

முன்பெல்லாம் வாந்தி அடங்கும்வரை ஆகாரமே கொடுக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. இப்போது வைத்தியர்கள் அதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வாந்தியை மருந்தால் அடக்கி, மிகச் சிறு அளவில் சீக்கிரமாகவே ஆகாரம் செலுத்தினால், வேண்டுமானால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டாவது செலுத்தினால், குடல் விரைவில் தேறுவது தெரியவந்திருக்கிறது. இது வைத்தியர் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயம். வீட்டில் நாமாகவே வாயைப் பிளந்து மோரையோ, மாதுளந்தோல் கஷாயத்தையோ, வசம்பு உரைத்த நீரையோ ஊற்றுவது முற்றிலும் வேறு காரியம். வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கும் குட்டிக்கு அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி இன்னொரு ஆபத்தை விளைவிக்கும். அலமாரியில் இருக்கும் பாரசிட்டமாலையோ, மனிதர்களுக்கான பேதி மாத்திரையையோ ஒரு துணுக்குக்கூடத் தரலாகாது. அன்போடு செய்தோம் என்பதால் விஷம் மருந்தாகிவிடாது.

பண விஷயத்தையும் மறைக்காமல் பேசத்தான் வேண்டும். ஐந்தாறு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்ப்பதென்றால் பல குடும்பங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளமாகிவிடும். நம் ஊர்களில் இரவெல்லாம் வைத்துப் பார்க்கும் வசதி உள்ள இடங்களும் குறைவு. அப்படிப்பட்டவர்கள் மனமொடிந்து குட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் நாற்பது நாய்களை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், முதலில் நரம்பு வழியாக நீரேற்றித் தேற்றியபின், பாதி நாய்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே முழுச் சிகிச்சையும், மறுபாதிக்கு வீட்டிலிருந்து சிகிச்சை பெறும் முறையில் தோலுக்கடியில் நீரும் வாந்தி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னதில் நூற்றுக்குத் தொண்ணூறும், பின்னதில் எண்பதும் பிழைத்தன. ஆகவே, "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று வைத்தியரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அந்த அளவுக்குள் செய்யக்கூடியது என்ன என்று யோசிக்கத் தெரிந்தவர்களே அவர்கள். சொல்லத் தயங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் குட்டிக்கு நாம் செய்யும் துரோகம்.

எங்களுக்கு வாய்த்த ஏற்பாடு இரண்டுக்கும் நடுவிலானது. பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் டிரிப். இரவுக்கு, காலில் கட்டிய குழாயோடு வீடு. அந்த இரவுகளை என் தங்கையும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். பின்கட்டு அறையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி முதுகோரம் வைத்து, மணிக்கு ஒருமுறை ஈறைத் தொட்டுப் பார்ப்போம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மருத்துவர் கற்றுக்கொடுத்திருந்தார். ஈறு வெளிறி ஒட்டிக்கொண்டாலும், உடம்பு சில்லிட்டாலும், எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார். குழந்தை ஒரு கணக்கு நோட்டில் கோடு போட்டு எழுதி வைப்பாள்: 11.20 வாந்தி, மஞ்சள், 1.05 பேதி, ரத்தம் கொஞ்சம், 3.40 தண்ணீரைப் பார்த்தான், குடிக்கவில்லை. காலையில் அந்த நோட்டைத்தான் மருத்துவர் முதலில் வாங்கிப் பார்ப்பார். அழுது சோர்ந்திருந்த ஒரு குழந்தைக்கு, தன்னாலும் ஆகக்கூடிய உபகாரம் ஒன்று இருக்கிறது என்று அந்த நோட்டுக் கற்பித்தது.

மூன்றாவது இரவுதான் மோசமானது. இரண்டு மணி சுமாருக்கு மணி தலையைத் தூக்க முயன்று, முடியாமல், என் மணிக்கட்டின்மேல் முகவாயைச் சாய்த்து வைத்துக்கொண்டது. அதன் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து எட்டே நாளான ஒரு பிராணிக்காக ஐம்பது வயது கடந்த ஒருவன் இருட்டில் உட்கார்ந்து கண்ணீர் விடுவது தகுமா என்று ஒரு க்ஷணம் தோன்றியது. தகும் என்றே இப்போதும் சொல்கிறேன். பழகிய நாளின் கணக்குப் பார்த்து வருவதன்று அன்பு. தன்னை முழுக்க நம்பி மடியில் தலைவைத்த ஜீவன் எதுவோ, அது அந்த நிமிஷத்திலேயே நம்முடையதாகிவிடுகிறது.

நான்காம் நாள் மாலை மணி தானாக எழுந்து நின்று, கால்கள் நடுங்க, நாலு நக்குத் தண்ணீர் குடித்தது. வாந்தி வரவில்லை. ஐந்தாம் நாள், உப்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்த கோழிக்கறி ஒரு தேக்கரண்டி. நோட்டில் அந்த வரியின் கீழே குழந்தை இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: ஊசி போட்ட குட்டிக்கு எப்படி வந்தது? கிராமத்தில் குட்டியைக் கொடுத்தவர், "ஊசியெல்லாம் போட்டாச்சுங்கய்யா" என்று சொல்லித்தான் கொடுத்தார். நோய் வந்ததும் அவர் பொய் சொல்லிவிட்டார் என்று நான் கொதித்தேன். விசாரித்ததில் அவர் சொன்னது மெய்யென்றே தெரிந்தது. ஐந்தாவது வாரத்தில் ஓர் ஊசி போட்டிருந்தார்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாய் தன் எதிர்ப்புச் சக்தியைக் குட்டிக்குக் கொடுக்கிறது. அது சீதனம் போன்றது. ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே வரும். நிறைய இருக்கும்வரை குட்டிக்கு நோய் வராது. ஆனால் அதே சக்தி, நாம் போடும் தடுப்பூசியையும் நோய்க்கிருமி என்றே கருதி அழித்துவிடும். ஊசி போட்டும் போடாததாகவே ஆகிவிடும். சீதனம் கரைந்து தீரும் தறுவாயில்தான் பெரும் ஆபத்து. ஊசியை வீணாக்கும் அளவுக்கு அப்போது அது இருக்கும். தெருவிலிருந்து வரும் வீரியமுள்ள வைரஸைத் தடுக்கும் அளவுக்கு இராது. இந்த இடைவெளி ஒரு குட்டிக்கு எட்டாம் வாரத்தில் வரலாம்; கூடப்பிறந்த இன்னொன்றுக்குப் பன்னிரண்டில் வரலாம்; எதற்கு எப்போது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறைந்தபின் ஓர் ஊசி கட்டாயம் விழும்படி தொடர்ந்து போடச் சொல்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ஊசிகள் முதல் ஊசிக்கு வலுச் சேர்ப்பவை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்; உண்மையில், எந்த ஊசி பலிக்கும் என்று தெரியாததால் போடப்படுகிறவை அவை. பதினாறு வாரத்துக்குமேல் போடும் அந்தக் கடைசி ஊசியை, குட்டி நன்றாக ஓடியாடுகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் மிக அதிகம். அதுவரை குட்டியைத் தெருவோரத்திலும் மற்ற நாய்கள் கழிக்கும் இடங்களிலும் இறக்கிவிடாமல், தூக்கிவைத்துக்கொண்டே ஊரைக் காட்டலாம். பூச்சி மருந்தையும் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். குடலில் கொக்கிப்புழு குடியிருக்கும் குட்டிக்கு இந்த நோய் இருமடங்கு கொடுமை செய்யும்.

வீட்டைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறொன்றை நாங்களும் முதலில் செய்தோம். வாளி வாளியாகப் பினாயில் ஊற்றிக் கழுவினோம். பினாயிலுக்கும் சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் இந்த வைரஸ் அசைந்து கொடுப்பதில்லை. நிழலான மண்ணில் மாதக் கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருஷம்கூட, உயிர்ப்போடு காத்திருக்கும். அதை அழிப்பது ப்ளீச். அழுக்கைச் சோப்புப் போட்டு முற்றிலும் கழுவி அகற்றியபின், வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரை பத்து நிமிஷமாவது நனைந்தே இருக்கும்படி விட்டு, பிறகு அலச வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் ப்ளீச்சின் சக்தி அந்த அழுக்கோடு போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைக் கலப்பது மனிதரின் மூச்சுக்கே ஆபத்து. தேறிய குட்டியும் மேலும் இரண்டு வாரம்வரை மலத்தின் வழியே வைரஸை வெளியேற்றக்கூடுமாதலால், அதைத் தெருவில் விடுவது அக்கம்பக்கத்துக் குட்டிகளுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாம் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்குப் பக்கத்தில், ஒரு லாப்ரடார் குட்டியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு இளம் தம்பதிகள் இருவர் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் அவர்கள் வரவில்லை. அந்தப் பெண் முதல்நாள் என் தங்கையிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நாங்கதான் வெளியே தூக்கிட்டுப் போனோம்க்கா, நாங்கதான்." அவரவர் செருப்பிலேயே வந்துவிடக்கூடிய ஒரு வியாதிக்கு, இன்ன இடம் இன்ன நேரம் என்று குற்றம் நிர்ணயிக்க யாராலும் ஆகாது. நோயை முதலில் கண்டறியும்போதே அது உடம்புக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம்வரை, ஆகியிருக்கும். வீட்டுக்கு வரும்போதே கொண்டுவந்திருக்கவும் கூடும். குழந்தைகளிடம் "ஊருக்குப் போய்விட்டது", "யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்" என்று சொல்லி மழுப்பாமல், வியாதியால் இறந்துபோயிற்று, நாம் முடிந்ததைச் செய்தோம் என்று சொல்லி, கூடவே உட்கார்ந்து அழுவதுதான் மேல். துக்கத்தை ஆற்ற உடனே வேறொரு குட்டியை வாங்கிவரும் அவசரமும் வேண்டாம். நோய் கண்ட வீட்டுக்குள் அடுத்துக் கால் வைக்கும் நாய், ஊசிகளெல்லாம் போட்டு முடித்ததாக இருக்க வேண்டும்.

மணி தேறிய பிறகு, அந்தக் கிராமத்துக்காரருக்கு நான் தொலைபேசியில் பேசினேன். கோபமாகப் பேசத்தான் எடுத்தேன். ஆனால், மணியோடு பிறந்த ஐந்தில் இரண்டு அதே வாரத்தில் செத்துப்போனதையும், மிச்சமிருந்தவற்றை அவர் மனைவி மடியில் போட்டுக்கொண்டு தவித்ததையும் அவர் சொன்னபோது, எனக்குக் கோபம் நிலைக்கவில்லை. ஐந்தாம் வாரத்து ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதை, மருத்துவர் எனக்குச் சொன்னபடியே அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சீம்பாலே குறுக்கே நிக்கும்னு யாரும் சொல்லலையேய்யா" என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் அவரே அழைத்தார். தாய் நாய் மறுபடி குட்டி போட்டிருந்தது, ஏழு குட்டிகள், பிறந்து ஒரு நாள். "தினசரிக் காலண்டரைக் கையிலேயே வெச்சிருக்கேன்யா. எந்தெந்தத் தேதின்னு சொல்லுங்க, தாளிலேயே குறிச்சுக்கிடுதேன்" என்றார். ஏழாவது வாரம், பதினொன்று, பதினைந்து என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பதினாறு தாண்டியபின் ஒன்று என்று சொன்னதும், "அதுக்குள்ளே எல்லாக் குட்டியும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போயிருக்குமேய்யா" என்றார். சிறிது யோசித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போகிறவர்களின் தொலைபேசி எண்ணையும் அந்தத் தேதித் தாளின் பின்னாலேயே எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.